பட்டாவுக்கு வரும் பணமும் பாட்டக்காரருக்கு வராத பணமும்: குமரி மாவட்டத்தில் கிசான் உதவித்தொகைச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்ற முழுப்பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கிசான் பணம் என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக, தவணைக்கு 2,000 ரூபாய் வீதம் விவசாயியின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு நேரடியாகச் செலுத்தும் இந்தச் சேவை 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டு, 2019 பிப்ரவரி 24 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அதே ஆண்டு ஜூன் முதல் நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என விரிவாக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தென்னையும் கொஞ்சம் ரப்பரும் உள்ள ஒரு சிறிய விளையை (தோட்ட நிலத்தை)ச் சொந்தமாகவும், வாழை வைப்பதற்கு ஏலாவில் (வயல்வெளியில்) ஒரு துண்டு வயலைப் பாட்டத்துக்கும் (குத்தகைக்கும்) வைத்திருக்கும் ஒருவனாக, இந்தச் சேவையைத் தொடக்கம் முதல் பயன்படுத்தியும் அக்கம்பக்கத்தாருக்காகக் காகிதங்களோடு அலைந்தும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பணத்தைக் கொண்டு சேர்க்கும் வேலையை இந்தச் சேவை மிக நன்றாகச் செய்கிறது. அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை, குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, சரியாகச் செய்யவில்லை என்பதே என் கருத்து.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பட்டா அம்மாவின் பெயரில் இருப்பதால் தவணையும் அம்மாவின் கணக்குக்கே வருகிறது. தகுதி ஒருமுறை உறுதியாகி, ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இணைந்திருந்தால், பிறகு எந்த அலுவலகத்தின் படியையும் ஏற வேண்டியதில்லை. யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தவணை வெளியாகும் நாளில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒவ்வொரு முறையும் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "மக்ளே, பைசா விழுந்தாச்சான்னு ஒண்ணு பாத்துச் சொல்லு" என்று கேட்பார், பெரும்பாலும் விழுந்திருக்கும். மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே இடையில் எத்தனை கைகள் இருக்கும் என்று எண்ணிப் பழகிய தலைமுறைக்கு இது சிறிய மாற்றமன்று. வங்கிக் கணக்கில் ஆதார் இணையாதவர்களுக்காகத் தபால்காரர்கள் கருவியோடு வீட்டுக்கே வந்து, அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். மலையோரக் கிராமங்களில், வங்கிக்குப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டிய மூத்தவர்களுக்கு அது பேருதவியாக இருந்தது.

இன்னொரு முன்னேற்றம் ரப்பர் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே முழுமையாக விளங்கும். இந்தப் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால் மின்னணு முறையில் அடையாளத்தை உறுதி செய்யும் இ-கேஒய்சி கட்டாயம். ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) வழியாக வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்; இணையாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்குச் சென்று விரல்ரேகை வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்காகப் பால் வெட்டி, ஷீட் அடித்து, அமிலத்தில் புழங்கிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? கருவி ஏற்காமல், விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2023இல் கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டியே அடையாளத்தை உறுதிசெய்யும் வசதி வந்த பிறகு இந்தத் துன்பம் பெருமளவு தீர்ந்தது. உழைத்துத் தேய்ந்த விரல் ஒரு விவசாயியின் தகுதிக்குத் தடையாக இருந்த நிலை மாறியதற்காகவே இந்த வசதியைப் பாராட்டலாம்.

தொகை போதுமா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் 6,000 ரூபாய், இன்றும் 6,000 ரூபாய். ஒரு தவணைப் பணத்தில் 1,350 ரூபாய்க்கு ஒரு மூட்டை டிஏபி உரமும், மூட்டை 266 ரூபாய் 50 காசு வீதம் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கினால் மீதம் நூறு ரூபாய்க்குச் சற்று அதிகமாக இருக்கும். குமரி மாவட்டத்துக் கூலி நிலவரத்தில் வயலுக்கு இரண்டு ஆள் நிறுத்தினால் அதே தொகை ஒரே பகலில் தீரும். ஆனாலும் சிறிய விவசாயிக்கு உரம் வாங்கும் நேரத்தில் வட்டியில்லாமல் கையில் வரும் 2,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பு உண்டு; அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அந்த மதிப்பு பணம் வரும் நாளைப் பொறுத்தது. எங்கள் மாவட்டத்து நெல் இரண்டு பூவாக, அதாவது இரண்டு போகமாக நடக்கிறது. சித்திரை, வைகாசியில் தொடங்குவது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்குவது கும்பப்பூ. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1 அன்று தண்ணீர் திறப்பார்கள். கன்னிப்பூ நடவுக்குச் செலவு கூடுவது அந்த வாரங்களில்தான். ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான காலத்துக்குரிய தவணை 2024இல் ஜூன் 18 அன்று வந்தது. நடவுக்கும் முதல் உரத்துக்கும் பயன்பட்டது. அதே காலத்துக்குரிய தவணை 2025இல் ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது. அப்போது பயிர் வளர்ந்து நின்றது, கடனும் வாங்கியாகிவிட்டது. நான்கு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விதி இருக்கலாம்; 2025இல் அந்தக் கெடுவும் இரண்டு நாள் தவறியது. ஆனால் தேதி முன்கூட்டியே தெரியாத பணத்தை நம்பி எந்த விவசாயியும் விதையோ உரமோ வாங்கத் திட்டமிட முடியாது. தேதியை விழா மேடைக்கு ஏற்றபடி வைக்காமல் பருவத்துக்கு ஏற்றபடி நிலையாக வைத்தால், ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லாமல் இந்தச் சேவையின் பயன் இரட்டிப்பாகும்.

இனி, குறை என்று நான் கருதுவதற்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள எங்கள் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூரிலோ விழுப்புரத்திலோ ஏக்கர் கணக்கில் பேசுவார்கள். இங்கே பேச்சு சென்ட் கணக்கில். இருபது சென்ட் வயல், முப்பது சென்ட் விளை என்பதே பலருடைய முழுச் சொத்து. அதுவும் பெரும்பாலும் தாத்தாவின் பெயரிலோ, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவிலோ கிடக்கும். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூரின் கீழும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் கீழும் இருந்த பகுதி என்பதால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. நில உரிமையாளரின் பழைய வரிக் கணக்கு எண்ணான தண்டப்பேர் எண்ணும் பழைய சர்வே எண்ணும் இன்றைய உட்பிரிவு எண்ணோடு ஒத்துப்போவதை நிரூபிப்பதே பெரும்பாடு. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, பட்டாவில் தகப்பன் பெயரின் முதலெழுத்து வேறு, ஆதாரில் எழுத்துக்கூட்டல் வேறு என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்தச் சேவையின் கணினியோ ஒரு பெயர், ஒரு பட்டா, ஒரு ஆதார், மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பயனாளியின் நிலையைப் பார்க்கும் பக்கத்தில் நில விவர இணைப்பு, இ-கேஒய்சி, ஆதார் வங்கி இணைப்பு என்ற மூன்றுக்கும் 'ஆம்' என்று வந்தால்தான் பணம். பின்னவை இரண்டையும் நாமே சரிசெய்துவிடலாம். முதலாவது 'இல்லை' என்று வந்துவிட்டால் அது கிராம நிர்வாக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் என மூன்று இடத்துச் சமாச்சாரம். 2025 தொடக்கத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு வழங்கிய விவசாயிகள் தனித்துவ அடையாள எண் இந்தச் சிக்கலைக் குறைக்கும் என்றார்கள். பட்டா ஒழுங்காக இருப்பவர்களுக்குக் குறைந்தது உண்மைதான். கூட்டுப் பட்டாக்காரர்களுக்கு அதே பழைய சிக்கல் புதிய எண்ணோடும் ஒட்டிக்கொண்டது.

இதைவிட வேதனையானது 2019 பிப்ரவரி 1 என்ற தேதி. அந்த நாளில் யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்கே தகுதி. அதன் பிறகு கைமாறிய நிலத்துக்குத் தகுதி கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. ஊழலைத் தடுக்க ஒரு தேதி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் குமரியில் நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, பிற்காலத்தில் பிள்ளைகளுக்குள் வழக்கு வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு, தானப் பத்திரமாகவோ பாகப் பத்திரமாகவோ எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். 2020இல் ஒரு தகப்பனார் தம் வயலை மகனுக்கு எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் இப்போது நில உரிமையாளர் அல்லர். ஆகையால் அவருக்குத் தகுதி இல்லை. மகனுக்கு நிலம் வந்தது 2019 பிப்ரவரிக்குப் பிறகு, அதுவும் இறப்பின் வழியாக அன்று. ஆகையால் அவருக்கும் தகுதி இல்லை. அதே வயல், அதே குடும்பம், அதே நெல். உதவித்தொகை மட்டும் இல்லாமல் போயிற்று. பத்திரம் எழுதாமல் காலத்தைக் கடத்தியவர்களுக்குப் பணமும், முறையாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு மறுப்பும் கிடைக்கும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த 5 ஆண்டுகளுக்கு மாற்றம் கருதப்படாது என்றுதான் வழிகாட்டு நெறிமுறை சொன்னது. அந்த 5 ஆண்டுகள் 2024 பிப்ரவரியில் முடிந்துவிட்டன. ஆனால் தேதி மட்டும் நகரவில்லை. 2025 அக்டோபரில், இந்தத் தேதிக்குப் பின் நிலம் பெற்றவர்கள் என்றும், ஒரே குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும் பெறுகிறார்கள் என்றும் சந்தேகிக்கப்பட்டவர்களுக்குச் சரிபார்ப்பு முடியும் வரை தவணையை நிறுத்திவைப்பதாக மத்திய வேளாண்மை அமைச்சகம் அறிவித்தது. அடுத்த மாதம் 19ஆம் தேதி கோயம்புத்தூரில் பிரதமர் 21ஆவது தவணையை வெளியிட்டபோது, எங்கள் பகுதியில் பலருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரவில்லை.

குடும்பத்தைக் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் என்று வரையறுத்து, அதில் ஒருவர் அரசு ஊழியராகவோ, வருமான வரி செலுத்துபவராகவோ, மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் பெறுபவராகவோ இருந்தால் குடும்பம் முழுவதும் தகுதி இழக்கிறது. கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. எழுத்தறிவும் அரசு வேலையும் மிகுந்த இந்த மாவட்டத்தில் இந்த விதியால் வெளியேறுபவர்கள் அதிகம். இதில் எனக்கு முறையீடு இல்லை. நிலையான வருமானம் உள்ள வீடு இந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கலாம்.

என் முறையீடு பாட்டக்காரர்களுக்காக. ஏலாவில் இன்று வாழை வைப்பவர்களில், என் கண்ணுக்குத் தெரிந்த அளவில், சொந்த வயலில் வைப்பவர்களைவிடப் பாட்டத்துக்கு எடுத்து வைப்பவர்களே அதிகம். உரிமையாளர் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருப்பார். அல்லது வயதாகி வயலில் இறங்க முடியாமல் இருப்பார். அல்லது நிலம் கோயிலுக்குரியதாக இருக்கும். வயலை எடுப்பவர் ஆண்டுப் பாட்டத்தை முன்பணமாகக் கொடுத்து, வரப்பை வெட்டி, ஏத்தனோ மட்டியோ செந்துளுவனோ கன்று வாங்கி நட்டு, உரமிட்டு, காற்றுக்குக் கம்பு நாட்டி, பத்துப் பன்னிரண்டு மாதம் அதையே நம்பிக் கிடப்பார். ஆடிக் காற்றிலோ ஐப்பசி மழையிலோ வாழை சாய்ந்தால் இழப்பு அவருடையது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்து வாழைகளை ஒரே இரவில் படுக்க வைத்தபோது கடனாளியானவர்களில் பாட்டக்காரர்கள் ஏராளம். இந்தச் சேவையின் கண்ணில் அவர்கள் விவசாயிகள் அல்லர். நிலம் வைத்திருப்பவரே விவசாயி என்பது அதன் இலக்கணம். பயிர் வைப்பவர் அதற்குள் வரவில்லை. என்னோடு அதே ஏலாவில் வாழை வைக்கும் ஓர் அண்ணனுக்கு ஒரு சென்ட் சொந்த நிலம் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்த தொழில் விவசாயம் ஒன்றுதான். அவர் பயிர் செய்யும் வயலுக்கான உதவித்தொகை வயலின் உரிமையாளருக்குப் போகிறது. உரிமையாளர் தவறு செய்யவில்லை, விதிப்படி வாங்குகிறார். அண்ணனும் ஒருநாளும் அவர்மேல் குறை சொன்னதில்லை. "அவங்க நிலம், அவங்க பைசா, நம்ம அத்வானத்துக்கு (உழைப்புக்கு) யாரு கணக்கு வச்சிருக்கா" என்று மட்டும் கேட்டார்.

யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உண்மையில் விடை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் எந்த உட்பிரிவில் என்ன பயிர் என்று பதிய வேண்டும். 2024 இறுதியில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களை வைத்தே மாநிலம் முழுவதும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாய்மொழிப் பாட்டம் வாய்மொழியாகவே நடக்கிறது. ஏனெனில் எழுதிக் கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார், எழுதிக் கேட்டால் அடுத்த ஆண்டு வயல் கிடைக்காது என்று பாட்டக்காரர் அஞ்சுகிறார். இந்த அச்சத்தைத் தாண்ட வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, நில உரிமையைத் தொடாமல், குறிப்பிட்ட காலத்துக்குப் பயிர் செய்பவர் என்ற அட்டையை மட்டும் வழங்கியது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த குத்தகை விவசாயிகளுக்கு மாநில அரசின் நிதியிலிருந்து உதவித்தொகையும் கொடுத்தது. ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையே போடும் மாநிலம். பாட்டக்காரருக்கென்று ஒரு சிறிய தொகையை, அடங்கலை ஆதாரமாகக் கொண்டு, மாநிலமே கொடுக்கத் தொடங்குவது அதற்கு எட்டாத காரியமன்று.

கட்டுப்பாடுகள் ஏன் இவ்வளவு கடுமையாயின என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் நடந்த முறைகேடு வெளிவந்தது. அலுவலகக் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தி, விவசாயத்தோடு தொடர்பே இல்லாத சுமார் 5.5 லட்சம் பேரைச் சேர்த்து, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போயிருந்தது. சிபிசிஐடி விசாரித்தது, பணத்தைத் திரும்ப வசூலிக்கும் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு நில ஆவணத்தை இறுக்கிப் பிடித்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முறைகேட்டில் ஈடுபட்டவர்கள் இடைத்தரகர்களும் உள்ளிருந்த சிலரும். அதன் சுமையை இன்று சுமப்பவர்கள் பட்டாவில் ஓர் எழுத்துப் பிழையோடு நிற்கும் முதியவர்கள்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய நடைமுறைக் குறை, நிறுத்தும்போது காரணம் சொல்லாதது. பணம் வந்தால் குறுஞ்செய்தி வருகிறது. நின்றால் ஒன்றும் வருவதில்லை. ஒரு தவணை வராமல், அடுத்ததும் வராமல், பிறகு யாரோ சொல்லி இணையத்தில் பார்த்தால்தான் ஏதோ ஒரு கட்டத்தில் 'இல்லை' என்றிருப்பது தெரிகிறது. எங்கள் குடும்பத்திலேயே ஒருவருக்கு இப்படி நின்றபோது, ஓர் அலுவலகம் எங்களை இன்னொன்றுக்கு அனுப்பியது, அது மறுபடியும் முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. கடைசியில் காரணம், வங்கி இணைப்பில் இருந்த ஒரு சிறிய பிழை. அங்கிருந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிராவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது. அந்த அலுவலரைப் போன்றவர்களை நம்பியே இந்தச் சேவை குமரியில் ஓடுகிறது என்பது மிகையன்று. மாறாக, 15 ரூபாய் கட்டணத்துக்குரிய விரல்ரேகைப் பதிவுக்குப் பல மடங்கு வாங்கும் மையங்களும் உண்டு. ரசீது கேட்பவரிடம் மட்டும் சரியான தொகை வாங்குகிறார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட கிசான் இ-மித்ரா என்ற உரையாடல் வசதி தமிழில் பதில் சொல்வது நல்ல முயற்சி. தவணை நிலையை அது சொல்லிவிடுகிறது. உட்பிரிவு எண் மாறிப்போனவருக்கு யாரிடம் போக வேண்டும் என்று கேட்டால் அதனால் வழிகாட்ட முடியவில்லை.

மானியங்கள் என்று பார்த்தால், மாநிலத் தோட்டக்கலைத் துறையின் சொட்டுநீர்ப் பாசனத்தை இதைவிட ஒரு படி மேலே வைப்பேன். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். வட்டாட்சியர் வழங்கும் சிறு குறு விவசாயி சான்று இருந்தால் விண்ணப்பம் நகர்கிறது. கருவி வயலில் வந்து நிற்பதால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற குழப்பம் இல்லை.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் குமரி விவசாயி மானியத்தைப் பற்றிப் பேச முடியாது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2015 முதல் ரப்பருக்கு உற்பத்தி ஊக்கத்தொகை இருக்கிறது. கிலோவுக்கு 150 ரூபாய் என்று தொடங்கிய ஆதரவு விலை 2021இல் 170 ஆகவும் 2024இல் 180 ஆகவும் 2025இல் 200 ஆகவும் உயர்ந்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு விவசாயியின் கணக்கில் செலுத்துகிறது. நெல்வயலை நெல்வயலாகவே காப்பாற்றும் உரிமையாளருக்கு 2020 முதல் அங்கே ஆண்டுதோறும் ஒரு தொகையும் கொடுக்கிறார்கள். அதே மழை, அதே மண், அதே மரம், அதே விலை. எல்லைக்கு இப்புறம் அந்த ஏற்பாடு இல்லை. கிசான் பணத்தின் 6,000 ரூபாய் தேசம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு மாவட்டத்தின் பயிருக்கேற்ற உதவியை மாநிலம்தான் அதன்மேல் கட்ட வேண்டும். நெல்வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் பிறகு வீட்டு மனைக்கும் மாறிக்கொண்டே வரும் குமரியில், நெல்லை விடாமல் வைத்திருப்பவருக்கு ஒரு தனித் தொகை கொடுத்தால் அது உண்மையிலேயே வயலைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர்களுக்கும் புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியவை இவை. தவணை வரட்டும் என்று காத்திராமல், முந்தைய தவணை வந்தவுடனேயே இணையத்தில் நிலையைப் பார்த்து மூன்று இணைப்புகளும் 'ஆம்' என்றிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உதவித்தொகை பெற்றுவந்தவர் இறந்துவிட்டால் அவர் கணக்கில் தொடர்ந்து வரும் பணத்தை எடுக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்; முதலில் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல், அதன் பிறகே வாரிசின் பெயரில் புதிய பதிவு என்ற வரிசையில் போனால் மறுப்பு வருவது குறையும். பெற்றோர் உயிரோடிருக்கும்போது பத்திரம் எழுதப்போகிறவர்கள் இந்தத் தொகை நின்றுபோகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மலையாளப் பத்திரம் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே அதன் தமிழ் மொழிபெயர்ப்பைத் தயார் செய்து, இன்றைய உட்பிரிவு எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பல வாரங்களை மிச்சப்படுத்தும். தவணை நின்று காரணம் தெரியாமல் இருப்பவர்கள் 155261 என்ற உதவி எண்ணில் பதிவு செய்த பிறகும் பதில் வராவிட்டால், மாதந்தோறும் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, பதில் சொல்ல வேண்டிய அலுவலரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். பாட்டத்துக்குப் பயிர் வைப்பவர்கள் இந்த உதவித்தொகை கிடைக்காவிட்டாலும், ஒவ்வொரு பூவுக்கும் அடங்கலில் தங்கள் பயிரைப் பதிய வைத்து நகல் வாங்கி வையுங்கள்; பயிர்க் காப்பீட்டுக்கும் புயல் மழை நிவாரணத்துக்கும் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.